தூசியும் துணியும் கார் பெயிண்டும்

கேள்வி: கறுப்பு நிறக் கார் வாங்கி ஓராண்டுகூட நிறையவில்லை. நிழலில் பளபளப்பாகவே தெரிகிறது. வெயில் நேராக விழும்போது மட்டும் பானெட்டின்மேல் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டவட்டமாக நுண்ணிய கீறல்கள் தெரிகின்றன. எங்கும் உரசியதில்லை, தினமும் துடைத்துச் சுத்தமாகவே வைக்கப்படுகிறது. இந்தக் கீறல்கள் எப்படி வந்தன? (மதுரை வாசகர்)

பதில்: தினமும் துடைத்ததால் வந்தன. பெயிண்ட் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே பூச்சன்று. எஃகுத் தகட்டைத் துருவிலிருந்து காக்க மின்னோட்டத்தைக் கொண்டு படியவைக்கப்படும் அடிப்பூச்சு, பரப்பைச் சமன்செய்யும் பிரைமர், நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்ட நான்கு பூச்சுகளின் தொகுப்பு அது. பெரும்பாலான கார்களில் இந்த நான்கும் சேர்ந்து 100 முதல் 140 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பளபளப்பைத் தருவதும், புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் கிளியர் கோட்டின் வேலையாக இருந்தும், அதன் தடிமன் ஏறக்குறைய 40 மைக்ரான்தான், அதாவது ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு.

கிளியர் கோட் அடிப்படையில் ஒரு பிளாஸ்டிக். சாலைத் தூசியிலோ குவார்ட்ஸ் எனப்படும் மணற்கனிமத்தின் துகள்கள் நிறையக் கலந்திருக்கின்றன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7ஆம் இடம், சன்னல் கண்ணாடிகூட அதற்குக் கீழேதான் வரும். இத்தகைய துகள்கள் படிந்த பரப்பின்மேல் உலர்ந்த துணியை இழுக்கும்போது, தூசியை அகற்ற வந்த துணியே உப்புத்தாளாக மாறிவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே துணியையும் கொண்டு ஐந்தாறு கார்கள் துடைக்கப்படுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மூன்றாவது காருக்கு வரும்போது அந்த வாளியின் அடியில் விரலை விட்டுத் துழாவினால் நறநறவென்று மணல் தட்டுப்படும். குறை அந்தத் தொழிலாளியினுடையதன்று. மாதம் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, நல்ல துணியோ போதிய தண்ணீரோ கொடுக்காத வழக்கத்தினுடையது.

கீறல்கள் வட்டமாகத் தெரிவது ஒளியின் விளைவே. உண்மையில் அவை எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடுகின்றன. அவற்றுள், ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியைக் கண்ணை நோக்கித் திருப்புவதால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதுபோல் தோன்றுகிறது. தலையைச் சற்று நகர்த்தினால் வளையங்களும் கூடவே நகர்வதைக் காணலாம். வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல்கள் விழுகின்றன. வெளிர்நிறம் அவற்றை மறைத்துவிடுகிறது, அவ்வளவே.

கேள்வி: ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங், 9எச் செராமிக் கோட்டிங் என்கிறார்கள், வெளியே விசாரித்தால் பி.பி.எஃப். ஒட்டச் சொல்கிறார்கள். கீறலை உண்மையில் தடுப்பது எது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: இம்மூன்றில் கீறலைத் தான் ஏற்றுக்கொண்டு பெயிண்டைக் காப்பது பி.பி.எஃப். எனப்படும் ஒட்டுப்படலம் ஒன்றே. டெஃப்லான் என்ற பெயரைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பொருள் 327 பாகை செல்சியஸில்தான் உருகும், தோசைக்கல்லில் அதை ஒட்டவைக்க அந்த அளவு வெப்பம் தேவைப்படுகிறது, காரின் பெயிண்ட் அதைத் தாங்காது. ஆகவே அப்பெயரில் பூசப்படுவது நடைமுறையில் ஒரு மெருகுப் பூச்சுதான். சில மாதக் கழுவலில் அது போய்விடும். பிரேசிலின் கார்னௌபா பனையோலையிலிருந்து கிடைக்கும் மெழுகைக் கொண்ட வாக்ஸும் அழகான மினுமினுப்பைத் தருமேயன்றி, நம் ஊர் வெயிலில் சில வாரங்களுக்கு மேல் நிற்பதில்லை.

செராமிக் கோட்டிங்கைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலிக்கான் சேர்மங்களைக் கொண்ட இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, கிளியர் கோட்டின்மேல் கண்ணாடியை ஒத்த ஒரு வலைப்பின்னலாக இறுகுகிறது. அதன் தடிமன் பொதுவாக ஓரிரு மைக்ரான்தான். 9எச் என்ற எண்ணைக் கேட்டதும் வைரத்துக்கு அடுத்த கடினம் என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். அந்த எண் மோஸ் அளவுகோலைச் சேர்ந்ததன்று, பென்சிலைச் சேர்ந்தது. வரைபடம் வரையப் பயன்படும் பென்சில்களில் மிகக் கடினமான 9எச் பென்சிலின் முனையைப் பூச்சின்மேல் அழுத்தித் தள்ளியும் கீறல் விழவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். பென்சிலின் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை. அதைத் தாங்கிய பூச்சு குவார்ட்ஸ் மணலையும் தாங்கும் என்று கொள்வதற்கு இடமில்லை. இந்த வேறுபாட்டை விற்பவர்கள் வாங்குபவருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

எனினும் செராமிக் கோட்டிங் வீண் என்று முடிவுகட்டுவதும் தவறு. தண்ணீர் பரவி ஒட்டாமல் தாமரை இலைமேல் உருள்வதுபோல் உருண்டோடுவதால் அழுக்கின் பெரும்பகுதி தேய்க்காமலேயே கழன்றுவிடுகிறது. தேய்ப்பது குறையக் குறையக் கீறலும் குறைகிறது. பறவை எச்சத்திலுள்ள அமிலம் பெயிண்டை அரிக்கத் தொடங்குவதற்குமுன் கழுவிவிடச் சற்று அவகாசமும் கிடைக்கிறது. ஆனால் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், உருண்டு நின்ற ஒவ்வொரு துளியும் சுண்ணாம்புக் கறையாக இறுகிவிடும். அந்தக் கறைக்குச் செராமிக் பூசிய காரும் விலக்கன்று.

பி.பி.எஃப். என்பது பாலியூரித்தேன் என்ற நெகிழ்வான பிளாஸ்டிக்கால் ஆன, பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள ஒளிபுகும் படலம். தொழிற்சாலையில் ஏற்றிய நான்கு பூச்சுகளையும் சேர்த்தாலும் இதன் தடிமனுக்கு எட்டாது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளின் விளிம்பை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க உருவான படலத்தின் வழிவந்தது இது. இதன் மேற்பரப்பில் விழும் நுண்கீறல்கள் வெயில் சூட்டிலோ வெந்நீர் பட்டாலோ இளகித் தாமாகவே மூடிக்கொள்கின்றன. இதே கருத்தை நிசான் நிறுவனம் 2005இல் கிளியர் கோட்டிலேயே புகுத்தியது. படலத்தை அறுத்துச் செல்லும் ஆழமான வெட்டு மட்டும் இவ்வாறு மூடாது. விலை அதிகம் என்பதால், கல் தெறிக்கும் முன்பம்பர், பானெட், நகம் படும் கதவுக் கைப்பிடிக் குழி ஆகிய இடங்களுக்கு மட்டும் படலமும் ஏனைய பரப்புக்குச் செராமிக்கும் என்று பிரித்துக்கொள்வதே பெரும்பாலோருக்குப் பொருத்தமான ஏற்பாடு. மலிவான பி.வி.சி. படலத்தைப் பி.பி.எஃப். என்று சொல்லி ஒட்டுவோரும் உண்டு. அது விரைவில் மஞ்சளித்து வெடிக்கும். காரின்மேலேயே பிளேடால் படலத்தை வெட்டும் கடையைத் தவிர்த்து, கணினியின் உதவியால் முன்கூட்டியே அளவாக வெட்டி ஒட்டும் இடத்தைத் தேடுவது நல்லது.

கேள்வி: ஏற்கெனவே விழுந்த கீறல்கள் கோட்டிங் செய்தால் மறையுமா? இனி எப்படிக் கழுவ வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: மறையாது, கோட்டிங்குக்கு அடியில் அப்படியே நின்றுவிடும். எனவே முதலில் பாலிஷ் செய்தாக வேண்டும். பாலிஷ் என்பது பள்ளத்தை நிரப்புவதன்று, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டையே சில மைக்ரான் தேய்த்து இறக்குவது. இருப்பதே 40 மைக்ரான் என்பதால் ஒவ்வொரு சர்வீஸிலும் ரப்பிங் செய்து தரச் சொல்வது பெயிண்டின் ஆயுளைக் குறைப்பதாகும். நகத்தைக் குறுக்காக ஓட்டும்போது தடுக்கும் அளவு ஆழமான கீறலைப் பாலிஷால் முழுமையாக நீக்க முற்படக் கூடாது. டிங்கரிங் முடித்துப் புதிதாக அடித்த பெயிண்ட் முழுமையாகக் காயச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் அதன்மேல் உடனே எந்தக் கோட்டிங்கும் பூசக் கூடாது.

கழுவும்போது நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை விழச்செய்து, ஷாம்பு கலந்த வாளி ஒன்றும் துணியை அலச வெறும் தண்ணீர் வாளி ஒன்றும் வைத்துக்கொண்டு, கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். பனியன் வேஸ்டை விட்டுவிட்டு மைக்ரோஃபைபர் துணியைப் பயன்படுத்த வேண்டும். தண்ணீர் இல்லாத நாளில் காரைத் துடைக்காமல் தூசியோடு விட்டுவைப்பதால் பெயிண்டுக்குக் கேடில்லை. கழுவும்போது தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் பானெட்டில் வைக்காமல், அன்றைக்குச் சக்கரங்களுக்கு ஒதுக்கிவிட வேண்டும்.