பி12 மாத்திரைகள்: எந்த வகை உங்களுக்கு?

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மருந்தகத்திற்குப் போய் பி12 வேண்டும் என்று கேட்டால், இரண்டு மூன்று வகைகளை எடுத்து உங்கள் முன் வைப்பார்கள். ஒன்றில் சியானோகோபாலமின் என்று இருக்கும். இன்னொன்றில் மீத்தைல்கோபாலமின். அதையே சில பெட்டிகளில் மெகோபாலமின் என்று சுருக்கி எழுதியிருப்பார்கள்; இரண்டும் ஒன்றுதான், வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

உங்களுக்கு அது தேவையா என்பதை முதலில் பார்ப்போம். பி12 இரத்த அணுக்கள் உருவாகவும் நரம்புகளின் மேலுறை கெடாமல் இருக்கவும் வேண்டிய சத்து. மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில் கிடைக்கிறது. வாழ்நாள் முழுதும் சைவமாக இருப்பவர்களுக்கு இது குறையலாம். தெம்பேயை நம்பி இருக்க முடியாது. அசைவம் சாப்பிடுபவர்களுக்கும் வயதாகும்போது வயிற்றில் அமிலம் குறைந்து, உணவிலிருந்து இந்தச் சத்து பிரிந்து வராமல் போகலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

கால் மரத்துப்போனால் “இனிப்பு நீர் இருந்தால் அப்படித்தான்” என்கிறோம். மறதி வந்தால் “வயசாகிவிட்டது” என்கிறோம். நடை தள்ளாடினாலும் அதே பதில். பி12 குறைந்தாலும் இவையெல்லாம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். நீண்ட நாள் விட்டுவிட்டால் நரம்பில் ஏற்பட்ட சேதம் அப்படியே நின்றுவிடக்கூடும். ஆகவே மாத்திரை வாங்குவதற்கு முன்பே அரசு கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மாத்திரையைத் தொடங்கிய பிறகு பார்த்தால் உண்மையான குறை தெரியாமல் போகலாம்.

இனி வகைகளுக்கு வருவோம்.

சியானோகோபாலமின் விலை குறைவு, எளிதில் கெடாது, நீண்ட காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. பெயரில் ‘சயனைடு’ ஒட்டிக்கொண்டிருப்பதால் சிலர் பயப்படுகிறார்கள். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் அது ஏறக்குறைய 20 மைக்ரோகிராம் மட்டுமே. உடல் அதை எளிதாக வெளியேற்றிவிடும். நாம் அவித்துச் சாப்பிடும் மரவள்ளிக்கிழங்கிலும் அது இயற்கையாகவே உண்டு. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், லேபர் என்னும் பரம்பரைக் கண் நரம்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த வகையை எடுக்க வேண்டாம்.

மீத்தைல்கோபாலமின் “உடலில் உள்ள அதே வடிவம், அதனால் உயர்ந்தது” என்று விற்கப்படுகிறது. முதல் பாதி உண்மை. ஆனால் எந்த வகையை விழுங்கினாலும், உயிரணுவுக்குள் போனதும் அதில் ஒட்டியிருக்கும் பகுதி கழற்றப்பட்டு, உடலுக்கு வேண்டிய வடிவம் புதிதாகச் செய்யப்படுகிறது. குறையை நிரப்புவதற்குப் பெரும்பாலோருக்கு மலிவான வகையே போதும். மருத்துவர் உங்கள் நரம்புக் கோளாறுக்கு மீத்தைல் வகையை எழுதிக் கொடுத்திருந்தால் அதையே தொடருங்கள்.

ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது சில மைக்ரோகிராம்தான். பிறகு ஏன் 1000? குடல் வழக்கமான வழியில் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2 மைக்ரோகிராம் மட்டுமே ஏற்கும். அதற்கு மேல் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு அளவே தானாகக் கசிந்து உள்ளே போகும். 1000 எடுத்தால் 10 அளவு சேரும். வயிறு சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இந்தக் கசிவு நடக்கும் என்பதால் பெரிய அளவு கொடுக்கிறார்கள். நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரைக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை; விழுங்குவதும் அதே பலனைத் தரும்.

ஊசி, குறை கடுமையாக இருப்பவர்களுக்கும், நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும். அதில் வரும் ஹைட்ராக்சோகோபாலமின் உடலில் அதிக நாள் தங்கும்.

பி1, பி6, பி12 மூன்றும் சேர்ந்த மாத்திரையை ‘நரம்பு மாத்திரை’ என்று பலர் தாங்களாகவே ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். பெட்டியில் பி6 எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். அது அளவுக்கு மீறினால், நீண்ட நாளில் அதுவே கை கால்களை மரத்துப்போகச் செய்யும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாக எடுத்தால், இரத்தசோகை சரியானது போல் தோன்றும். நரம்போ உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும்.

மலேசியாவில் பதிவு பெற்ற பொருளின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் வாங்கி வரும் புட்டியிலும், தமிழ்நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் அட்டையிலும் அந்த எண் இருக்காது. அடுத்த முறை கிளினிக் போகும்போது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருந்தாளரிடம் காட்டுங்கள். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.