சீழ் வைக்காத புண்

தஞ்சாவூர்

அன்புள்ள மகிழினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரியில் சேர்ந்த முதலாண்டே கேடெரின், இன்டெக்ரின், செலக்டின் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன, மனப்பாடம் செய்யச் சுருக்குவழி இருந்தால் சொல்லுங்கள் பெரியம்மா என்று கேட்டிருக்கிறாய். சுருக்குவழி எதுவும் எனக்குத் தெரியாது. நோயிலிருந்து புரதத்துக்குப் போகும் வழி ஒன்று உண்டு. செல்களைப் பிடித்துவைக்கும் இந்தப் புரதங்களில் ஒன்று பழுதானால், உடம்பில் வழக்கமாக நடக்கிற ஏதோ ஒன்று நடக்காமல் போகும். நடக்காதது எது என்று பார்த்தால், நழுவிய பிடி எது என்று பிடிபட்டுவிடும்.

முதலில் ஒரு பழைய சோதனை. 1907-இல் எச். வி. வில்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் உயிருள்ள கடற்பஞ்சைப் பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். செல்கள் தனித்தனியாகக் கடல்நீரில் விழுந்தன. அவை சாகவில்லை, ஊர்ந்துபோய் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மறுபடி கடற்பஞ்சாயின. செல்கள் சும்மா ஒட்டிக்கிடப்பவை அல்ல என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள். யாரைப் பிடிப்பது, எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதற்கெல்லாம் அவற்றுக்கு ஒழுங்கு உண்டு.

இனி நோய்களுக்கு வருவோம். பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ஓரிரு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடும். ஒரு குழந்தைக்கு மாதம் கடந்தும் விழவில்லை. பிறகு தோலிலும் ஈறிலும் புண் வருகிறது. ஆறுவதில்லை, ஆனால் சீழும் வைப்பதில்லை. சீழ் என்பது பெரும்பாலும் கிருமியோடு போராடி மடிந்த வெள்ளையணுக்கள்தானே? அப்படியானால் அணுக்கள் குறைந்திருக்க வேண்டும் என்று ரத்தத்தைப் பரிசோதித்தால், அளவுக்கு மீறி இருக்கின்றன. ரத்தத்தில் இருப்பவை புண்ணுக்கு வந்து சேரவில்லை.

ஏன் என்று புரிய, அவை வரும் வழியைப் பார். கிருமி புகுந்த இடத்தில் ரத்தக்குழாயின் உட்சுவர் செலக்டின்களை வெளியே நீட்டுகிறது. வெள்ளையணுவின் மேலுள்ள சர்க்கரைத் தொடர்களை அவை தொட்டுத் தொட்டு விடுகின்றன. வெள்ளத்தில் போகிறவன் கரையோரக் கோரையைப் பற்றிப் பற்றி வேகம் தணிவதுபோல, அணுவும் சுவரோரமாக உருண்டு மெதுவாகிறது. அப்போது சுவரிலிருந்து வேதிச் செய்தி ஒன்று கிடைக்கிறது. அதுவரை மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் நிமிர்ந்து சுவரை இறுகப் பிடிக்கிறது. அணு நின்று, சுவரில் நுழைந்து வெளியேறுகிறது. நான் சொன்ன குழந்தைக்கு இந்த இன்டெக்ரினின் பீட்டா 2 பகுதி பழுது. எல்.ஏ.டி. முதல் வகை என்று உன் புத்தகத்தில் இருக்கும். கொடி அறுந்து விழுவதற்கும் அந்த அணுக்கள் வந்து வேலை செய்ய வேண்டும். அதனால்தான் அது தங்கிவிட்டது.

இரண்டாம் வகையில் பழுது ஒரு படி முன்னால். ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைச் செல் சரியாகக் கையாள முடியாததால், செலக்டின் தொடவேண்டிய சர்க்கரைத் தொடரே உருவாவதில்லை. அணு உருளுவதே இல்லை. ரத்த வகையின் எச் ஆன்டிஜெனுக்கும் ஃபியூகோஸ் வேண்டும் என்பதால், 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்ட அந்த அரிய ரத்த வகையே இவர்களுக்கும் அமைகிறது. பம்பாய் வகையினர் எல்லோருக்கும் இந்த நோய் என்று எடுத்துக்கொள்ளாதே. மற்றவர்களுக்குப் பழுது வேறு மரபணுவில். எதிர்ப்பாற்றலில் குறை இல்லை.

அடுத்தது ரத்தக்கசிவு. டெங்கு காலத்தில் வீட்டுக்கு வீடு தட்டணு எண்ணிக்கையைத்தான் விசாரிப்பார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் மூக்கில் வழியும் ரத்தம் நிற்காத நோயை 1918-இல் சுவிஸ் மருத்துவர் கிளான்ஸ்மன் விவரித்தார். தட்டணுக்கள் ஃபைப்ரினோஜனை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடிக்கும். அதைப் பற்றும் இன்டெக்ரின் இவர்களிடம் இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்வதில்லை. நம் ஊர்ச் சுருட்டை விரியனின் நஞ்சில் உள்ள ஒரு புரதமும் இதே பிடியைத்தான் தடுக்கிறது. அதை மாதிரியாக வைத்து உருவாக்கிய டைரோஃபிபன் என்ற மருந்தை மாரடைப்பு நோயாளிகளுக்குத் தருகிறோம்.

மூன்றாவது, கட்டியாகத் திரளாத புற்றுநோய். கால்சியம் இருந்தால்தான் சில செல்கள் ஒன்றையொன்று பிடிக்கின்றன என்பதைத் துருவிப்போன ஜப்பானிய அறிவியலாளர் மசதோஷி தகேய்ச்சி, கேடெரின்களைக் கண்டறிந்தார். மேல்தோல் போன்ற படலங்களைக் கோத்துவைப்பது ஈ-கேடெரின். நியூசிலாந்தில் ஒரு மாவோரி குடும்பத்தில் தலைமுறைதோறும் இளவயதிலேயே இரைப்பைப் புற்றுநோய் வந்தது. ஈ-கேடெரின் மரபணுவின் பழுதுதான் காரணம் என்று 1998-இல் தெரிந்தது. பிடி இழந்த செல்கள் ஒன்றுதிரளாமல் இரைப்பைச் சுவருக்குள் சிதறிப் பரவும். எண்டோஸ்கோப்பியில் பார்த்தாலும் எளிதில் சிக்காது. அதனால்தான் இந்தப் பழுதுள்ள பலர், நோய் தெரியும் முன்பே இரைப்பையை அகற்றிக்கொள்கிறார்கள்.

மருந்தியல் பாடத்துக்கும் இது உதவும். டைரோஃபிபன் தருவது, கிளான்ஸ்மன் நோயைச் சில மணி நேரத்துக்கு அளந்து கொடுப்பதற்குச் சமம். அதனால் ரத்தக்கசிவுதான் அதன் ஆபத்து. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கான நேட்டலிசுமேப், வெள்ளையணு மூளைக்குள் நுழையாதபடி வேறோர் இன்டெக்ரினை மறிக்கிறது. 2004-இல் அனுமதி பெற்ற அந்த மருந்தை மறு ஆண்டே நிறுத்தவேண்டி வந்தது: சிலருக்குக் காவலற்ற மூளையில் ஜே.சி. வைரஸ் பெருகிவிட்டது. 2006-இல் கடும் கண்காணிப்போடு திரும்பியது. பிடியைத் தடுக்கும் எந்த மருந்தைப் படித்தாலும், அதே பிடி பிறவியிலேயே இல்லாதவருக்கு என்ன ஆகும் என்று கேள். பக்கவிளைவுப் பட்டியலில் பாதி அங்கேயே கிடைக்கும்.

இப்போது உன் முறை. பெம்பிகஸ் வல்காரிஸ் நோயில், தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் டெஸ்மோக்ளீன் 3 என்ற கேடெரினை உடம்பின் சொந்த எதிர்ப்பொருளே தாக்குகிறது. வாயில்தான் பெரும்பாலும் முதலில் புண் வருகிறது. தோலில் எழும் கொப்புளம் இலேசாகப் பட்டாலே உடைந்துவிடுகிறது. இரண்டும் ஏன் என்று, இந்தப் புரதம் எங்கே அதிகம், எங்கே குறைவு என்பதைப் பார்த்துவிட்டு எழுது. புத்தகத்தின் வாக்கியம் வேண்டாம். உன் வாக்கியத்தில் வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா