சத்தம் முந்தும், கல் பிந்தும்

கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கோயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் விமானம் சுமார் 55 மீட்டர் உயரமுடையது. அங்கிருந்து மேற்கே அரியலூரை நோக்கிச் சென்றால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைக் காணலாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை மூடியிருந்த கடல் விட்டுச் சென்ற கல் அது. சிமெண்டு ஆலைகளுக்கு அதுவே முக்கிய மூலப்பொருள்.

திறந்தவெளிச் சுரங்கங்களில் பாறையில் துளையிட்டு, வெடிமருந்து நிரப்பி, துளையின் வாயைக் கெட்டித்து வெடிப்பது ஒரு முறை. வெடிப்பதற்கு முன் சங்கு ஊதுவார்கள். ஆட்கள் விலகிச் செல்லவேண்டும். அல்லது காப்பிடத்தில் ஒதுங்கவேண்டும். அபாயம் நீங்கியதென்று மீண்டும் சங்கு ஊதும்வரை வெளியே வரக்கூடாது. வெடிச் சத்தம் கேட்ட பின்னும் ஏன் காத்திருக்கவேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கல் விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில், 45 பாகைக் கோணத்தில் கிளம்புவதாகக் கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். இக்கோணத்தில் எறிபொருளின் வீச்சு, வேகத்தின் இருமடியைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். 70-இன் இருமடி 4,900. அதை 9.8-ஆல் வகுத்தால் 500 மீட்டர்! கல் எழும்பும் உயரம் 125 மீட்டர். கோயில் விமானத்தைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். அது காற்றில் இருக்கும் நேரம் சுமார் 10 விநாடி.

ஒலியோ விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. 500 மீட்டரை ஒன்றரை விநாடியில் கடந்துவிடும். ஆகவே, சத்தம் கேட்டு எட்டு விநாடிக்கு மேல் ஆன பிறகே கல் வந்து விழும். "வெடித்தாயிற்று" என்று தலையை நீட்டுபவரின் கதி என்ன? "வெளியே வராதே" என்று மட்டும் கேட்டவர் ஒருநாள் மறக்கலாம். காரணம் தெரிந்தவர் மறக்கமாட்டார். பயிற்சியின் பொருள் இதுவே. வெடிக்காமல் தங்கிய மருந்தும் இருக்கக்கூடும். அதனால்தான் வெடி வைத்தவர் முதலில் சென்று சோதிக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாறையில் வெடிப்போ களிமண் பட்டையோ இருந்தால், வெடிவாயு அந்த இளகிய வழியே பீறிட்டுக் கல்லை வேகமாக எறியும். வேகம் இரட்டித்தால் வீச்சு நான்கு மடங்காகும் அன்றோ? அந்த இளக்கத்தை முதலில் அறிபவர் அதிகாரி அல்லர், துளையிடும் தொழிலாளியே. கருவி திடீரென்று எளிதாக இறங்குவதை அவர் கை உணரும். அதை அவர் சொல்லவேண்டும். வெடி வைப்பவர் கேட்கவேண்டும்.

இந்த உண்மையைச் சட்டமும் ஏற்றது. சுரங்கத் தொழிலாளர்க்குப் பயிற்சி அளிப்பதற்கான விதிகள் 1966-இல் வந்தன. தொழிலாளர் சார்பில் ஆய்வாளரும், இரு தரப்பினரும் அமரும் பாதுகாப்புக் குழுவும் 1985-இல் சுரங்க விதிகளில் இடம்பெற்றன. 1984-இல் நடந்த போபால் விபத்துக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்திலும் பாதுகாப்பில் தொழிலாளர் பங்கேற்பு சேர்க்கப்பட்டது.

மாணவர்களே, உங்கள் ஆய்வுக்கூடமும் ஒரு பணியிடமே. அங்குள்ள விதி ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். விரிசல் விட்ட குடுவையைக் கண்டால் உடனே சொல்லுங்கள். இப்போது ஒரு கணக்கு: கல்லின் வேகம் விநாடிக்கு 35 மீட்டரானால் அது எவ்வளவு தூரம் செல்லும்? சத்தம் கேட்டு எத்தனை விநாடி கழித்து விழும்?