மலையேறும் ஜீப்பும் அதன் விற்பட்டையும்

இரும்புப் பட்டைகளை வில்போல் வளைத்து அச்சின்மேல் பூட்டிய மாட்டுவண்டியை நம் முன்னோர் வில்வண்டி என வழங்கினர். போடிநாயக்கனூர்ப் பட்டறைகளில் ஜீப்பின் அடியிற் கழற்றிப் பூட்டப்பெறும் 'லீப் ஸ்பிரிங்' என்பதும் அவ்வில்லேயாம். தமிழில் ஆயத்தமாயிருந்த சொல்லை நாம் ஏன் கைவிட்டோமென்பது வேறோர் ஆராய்ச்சி.

போடியினின்று போடிமெட்டுக்கு ஏறுஞ் சாலையில் 17 கொண்டையூசி வளைவுகள் உள. அது தார்ச்சாலையாதலின் கடத்தல் அரிதன்று. மெட்டுக்கப்பால் ஏலத்தோட்டங்களுக்குட் பிரியும், கல்லுஞ் சேறும் விரவிய தடங்களே வண்டியைச் சோதிப்பன. அத்தடங்களில் தோட்டத் தொழிலாளரை, அவருள்ளும் பெண்டிரைப் பெரும்பான்மையாக, ஏற்றிச் செல்வன ஜீப்புகளே. ஆகவே வில்லின் தன்மை உயிரோடு தொடர்புடையது.

1947-இல் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லீஸ் ஜீப்புக்கு முன்னும் பின்னும் பட்டைவில்லே. 2000-இல் வந்த பொலேரோவில் முன்புறம் சுருள்வில்லாயிற்று. பின்புறம் பட்டையே நின்றது. 2020-இல் வந்த தார் வண்டியிலோ நான்கு சக்கரங்கட்கும் சுருள்வில்லே. சுருள்வில் மென்மையுடையது, சக்கரம் பள்ளத்துள் தாழ்ந்து நிலத்தைப் பற்ற மிக உதவும். ஆயின் அது சுமையைத் தாங்குமேயன்றி அச்சை நிலைநிறுத்தாது. அதற்குத் தனிக் கைகள் வேண்டும். பட்டையோ இரு தொழிலையும் ஒருங்கே செய்யும். ஒன்று முறிந்தால் சிற்றூர்ப் பட்டறையிலும் மாற்றலாம். எனவே சுமையேற்றும் வண்டிக்குப் பட்டையும், உலாச் செல்வார்க்குச் சுருளும் ஏற்றன என்பது எம் கருத்து.

இனி, வில்லை வலுப்படுத்துமிடத்துப் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. வண்டி தாழ்கிறதென்று கண்டவுடன் பட்டையைத் தடிப்பாக்குகின்றனர். சுமைக்குத் தக்கவாறே வில் இறங்கும் என்பது 1678-இல் இராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி. அவ்விறக்கத்தைத் தடுக்கும் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேராகவும், தடிப்பின் மும்மடிக்கு நேராகவும் மிகும். ஒத்த 5 பட்டைகளோடு அத்தகைய மற்றொன்று சேர்ப்பின் விறைப்பு ஐந்திலொரு பங்கே கூடும். எண்ணிக்கையை மாற்றாது 6 மில்லிமீட்டர்ப் பட்டைகளை 7 மில்லிமீட்டராக்கினாலோ ஏறத்தாழ 60 விழுக்காடு கூடிவிடும்! அவ்வண்டி நிறைசுமையில் நன்றாய் ஏறும். ஆளை இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்புகையிற் கல்தோறும் துள்ளும். துள்ளிய சக்கரம் நிலத்தை விட்டெழும் கணத்திற் பிரேக்கும் பயன்படாது, திருப்புதலும் பயன்படாது. சரிவில் இஃது எத்தன்மைத்தென்று விரிக்கவேண்டுவதில்லை.

ஆதலின் முதற்கண் நோக்கத்தக்கது அதிர்வடக்கி. வில் வாங்கிய ஆற்றலை எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே செலுத்தி வெப்பமாக்கி அவிப்பது அதுவே. எண்ணெய் கசிந்ததை மாற்றினாலே பாதிக்குறை தீர்தல் கூடும். அதன்பின்னும் வண்டி தாழ்ந்திருப்பின், தளர்ந்த பட்டைகளை நீக்கி, ஏற்றும் சுமையை நிறுத்தறிந்து அதற்கேற்ற ஒரு பட்டை சேர்க்கலாம். அவ்விறைப்புக்கு இயைந்த அதிர்வடக்கியையும் உடன்பூட்டுக.

அழகு கருதி வண்டியை உயர்த்துவாரும் உளர். உயர உயரப் புவியீர்ப்பு மையமும் மேலேறும். வளைவிற் கவிழும் இயல்பு மிகும். பிரேக்குக் குழாயும் நீளம் போதாது இழுபடும். பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துதலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கின்றது.

புதுப்பட்டை பூட்டியபின் சின்னாள் ஓடி அவை படிந்ததும் யூ போல்ட்டுகளை மறுபடி முடுக்குதல் வேண்டும். அவை தளரின் நடு ஆணி அறுந்து அச்சு இடம் பெயரும்.