மார்கழி, தை மாதங்களில் மான்களின் தீனி

எலவனாசூர்கோட்டைக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையின் நடுச்சரிவுகளில் இலையுதிர் காடுகள் உள்ளன. இத்தகைய காடுகளில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் புல் முற்றிக் காயத் தொடங்கும். அப்போது மான்கள் எதைத் தின்று வாழ்கின்றன என்பதைக் காட்டோரத்தில் பயிர் செய்வோர் அறிந்திருத்தல் நலம்.

புள்ளிமான்: கூட்டமாக இளம்புல் மேயும். புல் காய்ந்தபின் உதிர்ந்த இலை, பூ, காய்களை நாடும்.

கடமான்: புல்லுடன் செடி, மரங்களின் தழையையும் தின்னும். பெரும்பாலும் இரவில் மேயும்.

கேளையாடு: தனித்துத் திரியும். கொழுந்தையும் உதிர்ந்த பழத்தையும் பொறுக்கித் தின்னும்.

தீனி ஓரளவு வேறுபடுவதால் இம்மூன்றும் ஒரே காட்டில் வாழ முடிகிறது. காட்டு நெல்லி உதிரும்போது புள்ளிமானும் கேளையாடும் ஒரே மரத்தடிக்கு வருகின்றன. நீலகிரி மாவட்டம் முதுமலையில் நடந்த ஆய்வுகளில் இது தெரிய வந்தது. தின்ற நெல்லியின் கொட்டையை இவை பிறகு அசைபோடும் இடத்தில் உமிழ்ந்துவிடும். அங்கே புதுக் கன்று முளைக்க வாய்ப்பு உண்டாகிறது.

எனவே, நெல்லி பறிப்போர் கிளைகளை வெட்டாமல், ஒரு பகுதிக் காய்களை மரத்திலேயே விட்டுவைக்க வேண்டும். காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கக் கூடாது. காட்டில் தீனி குறைந்தால் புள்ளிமான் பச்சைப் பயிரைத் தேடி வயலுக்கு வரும்.

மானைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பயிர்ச் சேதம் ஏற்பட்டால் வனச்சரக அலுவலகத்தில் உடனே எழுதிக் கொடுக்கவும்.