சூப்பர்வைசருக்கு எந்தப் பயிற்சி? தேர்ந்தெடுக்கும் வழி

திருப்பூர், கோவைப் பக்கம் நடுத்தர அளவில் கம்பெனி நடத்துகிறவர்கள் பயிற்சிக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை. ஆட்கள் நிற்பதில்லை, சூப்பர்வைசர் கத்துகிறார் என்று புகார்கள் சேர்ந்ததும் யாராவது ஒரு ட்ரெய்னரின் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஓட்டல் ஹாலில் இரண்டு நாள், மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ, சான்றிதழ். அடுத்த மாதம் லைனில் எல்லாம் பழையபடியே நடக்கிறது. ‘நம்ம ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் எல்லாம் ஏறாது’ என்று முதலாளி முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவு தவறு என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பயிற்சியை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் அதற்கு ஆள் சேர்ப்பதால் வரும் கேடு இது. ஐம்பது முதல் ஐந்நூறு பேர் வரை வேலை செய்யும் யூனிட்டை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். பின்னலாடையோ பம்ப்போ ஃபவுண்டரியோ, போக வேண்டிய வரிசை ஒன்றுதான்.

எது மாற வேண்டும் என்று எழுதுங்கள்

‘தலைமைப் பண்பு வளர வேண்டும்’ என்று எழுதாதீர்கள். அதைப் படித்து எந்த ட்ரெய்னரும் எதையும் விற்கலாம். கண்ணால் பார்க்கக்கூடியதாக எழுதுங்கள்: ‘புது டெய்லர்கள் ஒரு மாதத்துக்குள் நின்றுவிடுகிறார்கள்’, ‘ஆல்டர் (திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) வந்தால் லைனே கேட்கும்படி திட்டுகிறார்’, ‘ஷிஃப்ட் மாறும்போது எந்த மெஷினில் என்ன கோளாறு என்று அடுத்தவருக்குச் சொல்வதில்லை’. மூன்று வரிக்கு மேல் வேண்டாம்.

எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒரு கேள்வியால் சோதியுங்கள்: இது சூப்பர்வைசர் கற்றுக்கொண்டால் தீருமா? கட்டிங்கிலிருந்து பீஸ் நேரத்துக்கு வராததால் லைன் காத்திருக்கிறது என்றால் அது திட்டமிடுவோர் பார்க்க வேண்டிய வேலை. சம்பளம் தாமதமாவதால் ஆட்கள் போகிறார்கள் என்றால் அது உங்கள் வேலை. இவற்றைப் பயிற்சிப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அடித்தபின் எதுவும் மிஞ்சவில்லை என்றால் பணத்தை வேறெதற்காவது செலவிடலாம்.

யாரை அனுப்புவது?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். புரொடக்‌ஷன் மேனேஜரிடம் ‘பத்துப் பேர் கொடுங்க’ என்று கேட்கிறோம். அவர் எழுதித் தரும் பட்டியல் அப்படியே போகிறது.

இப்படிப்பட்ட பட்டியலை ஒரு ஆய்வு நேராகச் சோதித்திருக்கிறது. அச்யுதா அத்வர்யு, அனந்த் நிஷாதம் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள், இந்தியாவின் பெரிய ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் லைன் சூப்பர்வைசர்களுக்கான பயிற்சியை ஆராய்ந்தார்கள். யாருக்குப் பயிற்சி முதலில் தர வேண்டும் என்று மேலே இருந்த மேனேஜர்களிடம் வரிசைப்படுத்தித் தரச் சொன்னார்கள். அந்த வரிசைக்குள்ளேயே குலுக்கல் முறையில் சிலருக்குப் பயிற்சி தந்தார்கள், சிலருக்குத் தரவில்லை. மேனேஜர்கள் மேலே வைத்தவர்களின் லைன்களில் உற்பத்தித் திறன் கூடவே இல்லை. கீழே வைத்தவர்களின் லைன்களில் 12 சதவீதம் கூடியது.

மேனேஜர்களுக்கு ஆள் தெரியவில்லை, வேண்டப்பட்டவர்களைச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். இரண்டும் காரணமில்லை என்பதையும் ஆய்வு காட்டியது. ஒரு சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனால் அந்த லைனின் பாரம் முழுக்க மேனேஜர் தலையில்தான் விழும். ஆகவே யாரைத் தக்கவைக்க வேண்டுமோ அவரை அவர்கள் மேலே வைத்தார்கள். அது பலித்தும் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் வேலையை விடுவது 15 சதவீதம் குறைந்தது, அதுவும் பெரும்பாலும் மேலே வைக்கப்பட்டவர்களிடம். மேனேஜர் தன் கணக்கில் சரியாகவே செய்தார். முதலாளி எதிர்பார்த்த கணக்கு வேறாக இருந்தது.

இதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதி: பட்டியல் கேட்கும் முன் நோக்கத்தைச் சொல்லிவிடுங்கள். ‘ஆளைத் தக்கவைக்க’ என்றால் மேனேஜரின் பட்டியல் போதும். ‘லைன் தேற வேண்டும்’ என்றால் பாதி இடத்தை மேனேஜருக்கு விடுங்கள். மீதிப் பாதியை லைன் கணக்கைப் பார்த்து நீங்களே நிரப்புங்கள். ஆல்டர் சதவீதம், ஆப்சென்ட், புதிதாகச் சேர்ந்து வேலையை விட்டவர்கள் என்ற மூன்றையும் கடந்த மூன்று மாதத்துக்கு எடுத்தாலே பெயர்கள் தெரிந்துவிடும். அதில் வருகிறவர், தன்னைத் தண்டனைக்காக அனுப்புவதாக நினைத்துவிடக் கூடாது. முதலாளி நேரில் கூப்பிட்டு, என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்ப வேண்டும். எச்.ஆர். வழியாக வாட்ஸ்அப்பில் தகவல் போட்டால் அவர் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்.

இன்னும் பதவி கிடைக்காதவர்களுக்கும் இரண்டு இடம் ஒதுக்குங்கள். நன்றாகத் தைக்கிறார் என்பதற்காகச் சனிக்கிழமை டெய்லராக இருந்தவரைத் திங்கட்கிழமை முப்பது பேருக்கு மேல் நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பயிற்சி தேடுவது நம் ஊர் வழக்கம். அந்த ஆறு மாதத்தில் அவர் கற்றுக்கொண்ட கத்தலை அழிக்கவே பாதிப் பயிற்சி செலவாகிவிடும். பதவிக்கு முன்பே அனுப்புங்கள். பெண் டெய்லர்களைக் கட்டாயம் சேருங்கள். மெஷினில் பெண்களும் மேற்பார்வையில் ஆண்களும் என்ற நிலை இன்னும் பல யூனிட்டுகளில் மாறவில்லை. ‘கேட்டோம், வரமாட்டேன்னுட்டாங்க’ என்று சொல்வார்கள். நேரத்தைப் பாருங்கள். ஏழு மணிக்கு மேல் வகுப்பு வைத்தால் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர், வீட்டில் பிள்ளை இருப்பவர் எப்படி வருவார்? ஷிஃப்ட்டுக்குள் வையுங்கள், வருவார்கள். இந்த முதலீடு வீணாவதில்லை. ஷாஹி எக்ஸ்போர்ட்ஸின் பெங்களூர் ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்கு நடந்த ‘பேஸ்’ என்ற பயிற்சியை முன்னே சொன்ன அத்வர்யு, நிஷாதம் உள்ளிட்டோர் கணக்கிட்டபோது, முடிந்த எட்டு மாதத்தில் கிடைத்த நிகரப் பலன் செலவில் 250 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அங்கே கற்றுத்தந்தது பேசுவது, நேரத்தைக் கையாள்வது, பிரச்சினை தீர்ப்பது போன்றவை. தையல் நுட்பம் கற்றுத்தரவில்லை.

கடைசியாக, புரொடக்‌ஷன் மேனேஜரும் முதல் வகுப்பில் உட்கார வேண்டும். சூப்பர்வைசர் பொறுமையாகச் சொல்லக் கற்றுக்கொண்டு வந்து நிற்கும்போது, மேலே இருப்பவர் அவரையே எல்லோர் முன்னிலும் திட்டினால் கற்றது அன்றோடு போயிற்று. மேனேஜருக்கு நேரமில்லை என்றால் பேட்ச்சைத் தள்ளிவையுங்கள்.

எந்த வகைப் பயிற்சி?

முதல்முறை சூப்பர்வைசர்களுக்கு என் தேர்வு எப்போதும் டி.டபிள்யூ.ஐ. (ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி). இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அனுபவமில்லாத ஆட்களால் நிரம்பிய அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக உருவான திட்டம். போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய் டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேரூன்றியது. இதில் மூன்று பாடங்கள்: வேலையைக் கற்றுத்தருவது, ஆட்களோடு உறவைக் கையாள்வது, வேலை முறையைச் சீராக்குவது. ஒவ்வொன்றும் பத்து மணி நேரம், நாளுக்கு இரண்டு மணி வீதம்.

முதல் இரண்டையும் எடுங்கள், மூன்றாவது பிறகு. வேலை கற்றுத்தருவதில் நான்கே படிகள்: ஆளைத் தயார்செய்து பயத்தைப் போக்குவது, வேலையைச் செய்துகாட்டி முக்கியப் புள்ளிகளையும் அவற்றின் காரணத்தையும் சொல்வது, அவரையே செய்யவிட்டுத் திரும்பச் சொல்ல வைப்பது, தனியே விட்டபின் அடிக்கடி போய்ப் பார்ப்பது. உறவுப் பாடத்திலும் நான்கு: உண்மைகளைச் சேகரி, எடைபோட்டு முடிவுசெய், நடவடிக்கை எடு, விளைவைச் சரிபார். பத்தாவது படித்தவருக்கும் புரியும், சட்டைப் பையில் வைக்கும் அட்டையில் அடங்கிவிடும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறைந்த லைனில் ‘செய்துகாட்டு, செய்யவை’ என்ற முறையின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மொழி தெரியாத ஆளிடம் கத்தினால் சத்தம் மட்டும்தான் போய்ச் சேரும்.

சென்னையில் ஏ.பி.கே-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் ஜப்பானிய உற்பத்தி முறைகளைப் பல ஆண்டுகளாகக் கற்றுத்தருகிறது. விசாரிப்பதை அங்கே தொடங்கலாம். மேல்மட்டத்துக்கும் அடுத்த தலைமுறை முதலாளிகளுக்கும் தேவை வேறு. ஜப்பானியப் பேராசிரியர் ஷோஜி ஷிபாவின் வழிகாட்டுதலில் 2007இல் இந்தியாவில் தொடங்கிய உற்பத்தித் துறைத் தலைவர்களுக்கான திட்டம், மெட்ராஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷன், மேலாண்மைக் கல்லூரிகள் நடத்தும் குறுகியகாலப் படிப்புகள் எல்லாம் அவர்களுக்கானவை. இரண்டு மட்டத்தையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்துக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முதலாளியின் மகன் பக்கத்தில் இருக்கையில் எந்த சூப்பர்வைசரும் வாய் திறக்கமாட்டார்.

ட்ரெய்னரிடம் கேட்க வேண்டியவை

பெரிய கம்பெனிகளின் லோகோ வரிசையைப் பார்க்கவே வேண்டாம். கேட்க வேண்டியது: வகுப்புக்கு முன் எங்கள் தளத்தில் ஒரு முழு ஷிஃப்ட் நின்று பார்ப்பீர்களா? ‘தேவையில்லை சார், எல்லா ஃபேக்டரியும் ஒண்ணுதான்’ என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வகுப்பெடுக்கப்போவது நீங்களா, உங்கள் உதவியாளரா? ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? பன்னிரண்டுக்கு மேல் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் எழுந்து நின்று செய்துகாட்டித் திருத்திக்கொள்ள வேண்டிய பயிற்சி இது. நாற்பது பேர் உட்கார்ந்தால் அது சொற்பொழிவாகிவிடும். பாடம் தமிழில், உங்கள் ஆட்கள் பேசும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கில ஸ்லைடைக் காட்டித் தமிழில் விளக்குகிறவரைத் தவிருங்கள்.

ஒரு குறுக்குவழி சொல்கிறேன், இதைவிடச் சிறந்த சோதனையை நான் பார்த்ததில்லை. அவர் முன்பு பயிற்சி தந்த ஒரு கம்பெனியின் பெயரை வாங்குங்கள். எச்.ஆரிடம் பேசாதீர்கள், ‘ரொம்ப நல்லா இருந்துச்சு’ என்றுதான் சொல்வார். அனுமதி கேட்டு, பயிற்சி பெற்ற சூப்பர்வைசர் ஒருவரிடம் பேசுங்கள். ஒரே கேள்வி: ‘முன்னாடி செய்யாத எதை இப்போ செய்றீங்க?’ சட்டென்று ஒரு காரியத்தைச் சொன்னால் அந்த ட்ரெய்னரை நம்பலாம். ‘மோட்டிவேஷனா இருந்துச்சுங்க’ என்றால் அடுத்தவரைத் தேடுங்கள்.

முடிந்தால் உங்கள் ஆட்கள் நால்வரை வைத்து இரண்டு மணி நேரம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள், அதற்குப் பணம் கொடுங்கள். இலவசமாகக் கேட்பது மரியாதையில்லை.

நாள், பணம்

ஷிப்மென்ட் வாரமும் தீபாவளி போனஸுக்கு முந்தைய வாரங்களும் வேண்டாம். கொட்டேஷனில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு நேரத்தில் லைனைப் பார்த்துக்கொள்பவருக்கான செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பணத்தில் பேரம் பேசுவதைவிட, கொடுக்கும் முறையில் கவனமாக இருங்கள். மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, வகுப்பு முடிந்தபின் ட்ரெய்னர் தளத்துக்குத் திரும்பி வரும் நாட்களோடு அதை இணையுங்கள். குறைந்தது மாதம் ஒருமுறை, மூன்று மாதம். வகுப்பில் கற்றதை லைனில் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதற்கான நாட்கள் அவை. மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவாலைகளில் நிக்கோலஸ் புளூம் குழுவினர் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், நிர்வாக முறைகளை மாற்றிய ஆலைகளின் உற்பத்தித் திறன் முதல் ஆண்டில் 17 சதவீதம் உயர்ந்தது. அங்கே ஆலோசகர்கள் ஒரு மாதம் நிலைமையைப் பார்த்து, பின் நான்கு மாதம் கூடவே இருந்து முறைகளை நடைமுறைப்படுத்தினார்கள். உங்களால் அவ்வளவு முடியாமல் போகலாம். திரும்பி வரும் நாட்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள்.

பலன் வந்ததா?

வகுப்பு முடிவில் நிரப்பித் தரும் கருத்துப் படிவத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இலேயே மதிப்பீட்டை நான்காகப் பிரித்துவிட்டார்: பிடித்ததா, கற்றாரா, நடத்தை மாறியதா, தொழிலில் பலன் தெரிந்ததா. படிவம் முதலாவதைத்தான் சொல்லும். நீங்கள் முதலில் எழுதிவைத்த மூன்று வரிகள் கடைசி இரண்டையும் சொல்லிவிடும், ஒரு நிபந்தனையோடு: வகுப்புக்கு முந்தைய நான்கு வாரக் கணக்கு கையில் இருக்க வேண்டும். பயிற்சி பெறாத இரண்டு லைன்களின் கணக்கையும் சேர்த்து எடுங்கள். ஸ்டைல் மாறினால் எல்லா லைனும் இறங்கும், ஆர்டர் சுலபமானால் எல்லாம் ஏறும். பக்கத்து லைன் இல்லாமல் பயிற்சியின் பங்கு எது என்று பிரிக்க முடியாது. மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், அதற்கு முன் பார்த்து மனம் தளர வேண்டாம்.

அந்த மூன்று மாதத்துக்குள் நீங்கள் செய்தே ஆக வேண்டிய ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற சூப்பர்வைசருக்குச் சிறிதாவது அதிகாரம் கொடுங்கள்: தன் லைனில் ஒருவருக்கு அரைநாள் லீவு தருவது, புதிதாக வந்தவருக்கு முதல் வாரம் டார்கெட்டைக் குறைப்பது, கோளாறான மெஷினை நிறுத்துவது. எவை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேனேஜர் முன்னிலையில் கொடுங்கள். வகுப்பு முடிந்து அவர் லைனுக்குத் திரும்பும் முதல் நாள் காலையிலேயே அந்தத் தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.