கன் கேபிளுக்கு யார் காவல்? சார்ஜிங் ஸ்டேஷன் வைக்கும் தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, ஹைவே ஓரத்து நம் இடத்தில் ஹோட்டலோடு சேர்த்து மின்வாகன சார்ஜிங் ஸ்டேஷனும் வைக்கப்போகிறாய் என்று அம்மா சொன்னதும் மனசு நிறைந்துபோச்சு. எந்தக் கம்பெனி மிஷின், எத்தனை கிலோவாட், வண்டியில் செருகுகிற கன் எத்தனை என்றெல்லாம் நீ விசாரித்துவிட்டாய். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அந்த மிஷினை யார் பார்த்துக்கொள்வது என்பதைத்தான் விற்க வந்தவர்கள் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். மாமாவோடு எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் வேலையில் சைட் சைட்டாக அலைகிறவள் நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

திருடன் வருவது செம்புக்காக. நம் பக்கத்துக் காடு கழனியில் கிணற்று மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போகிறார்களே, அதே ஆசைதான் இங்கேயும். 60 கிலோவாட் டிசி மிஷினில் 5 மீட்டர் கன் கேபிள் என்றால் அதற்குள் சுமாராக 4, 5 கிலோ செம்பு இருக்கும். அவனுக்குக் காயலான் கடையில் சில ஆயிரம் கிடைக்கும். உனக்கோ புதுக் கன்னுக்கு அதைப்போலப் பல மடங்கு செலவு. அது வந்து சேரும்வரை மிஷின் சும்மா நிற்கும், வந்த வண்டியெல்லாம் திரும்பிப்போகும். ஒருமுறை திரும்பிப்போன டிரைவர் அடுத்த தடவை உன் ஸ்டேஷனை நம்பி வண்டியைத் திருப்ப மாட்டார். அமெரிக்காவில் எலெக்ட்ரிஃபை அமெரிக்கா என்ற பெரிய நிறுவனத்துக்கு 2023 முழுவதும் 125 கேபிள்கள் அறுபட்டன. 2024-ல் மே மாதத்துக்குள்ளேயே 129 ஆகிவிட்டது. ஊர் எதுவானாலும் செம்புக்கு விலை இருக்கிறவரை இது நடக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பி.

இடத்தை நீ முடிவு செய்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். மிஷின் மாட்ட வருகிறவர்கள் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், கேபிள் நீளம் குறைகிற மாதிரி ஒரு மூலையைக் காட்டுவார்கள். அது பெரும்பாலும் ஹோட்டலுக்குப் பின்னால், வெளிச்சமும் ஆளும் இல்லாத இடமாக இருக்கும். ஒத்துக்கொள்ளாதே. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் டீ மாஸ்டரும் தலையைத் தூக்கினால் மிஷின் கண்ணில் படவேண்டும். அதற்காக இருபது மீட்டர் கேபிள் கூடுதலாக இழுக்க வேண்டுமென்றால் இழுத்துவிடு. கணக்குப் போட்டுப் பார், ஒரு கன் மாற்றும் செலவைவிட அது குறைவாகத்தான் வரும். அந்த சப்ளை கேபிளுக்கு அலுமினிய ஆர்மர்டு கேபிள் போதும். செம்பு வேண்டாம். முக்கால் மீட்டர் ஆழத்தில் மணல் போட்டுப் புதைத்து, மேலே செங்கல் அடுக்கிவிட்டால் யாரும் தோண்டி இழுக்க மாட்டார்கள்.

விளக்கு விஷயத்தில் கஞ்சத்தனமே கூடாது. கார் நிற்கிற இடம், மிஷினின் முகம், டாய்லெட்டுக்குப் போகிற வழி மூன்றும் விடிய விடிய வெளிச்சமாக இருக்கட்டும். திருடனுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ராத்திரி ஒரு பெண் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்து முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அவள் பயமில்லாமல் இறங்கி நிற்கிற இடத்தில் நாலு பேர் நடமாட்டம் தானாக வரும். நடமாட்டம் இருக்கிற இடத்தில் எவனும் கட்டரை வெளியே எடுக்க மாட்டான். ராத்திரி டீ பாய்லரை அணைக்காமல் வைத்தால் லாபம் குறைவு என்று கணக்குப் பார்க்காதே. அந்த டீ மாஸ்டர்தான் உனக்கு முதல் காவல்.

கன், கேபிள், மண்ணுக்குள் இருக்கும் எர்த்

கன்னைத் தரையில் போட்டுவிட்டுப் போவதுதான் வாடிக்கையாளர்களின் வழக்கம். மேலே வண்டி ஏறும், உள்ளே மண் போகும், அறுக்கிறவனுக்கும் குனிந்து வேலை செய்ய வசதி. கேபிளை மேலே தூக்கித் தாங்குகிற கை, கன்னை மாட்டுகிற ஹோல்டர் இரண்டும் இருக்கிற மிஷினாகப் பார்த்து வாங்கு. கேபிள் முழுக்க அடிக்கு ஒரு தரம் ஸ்டேஷன் பெயரை அழியாத பெயின்ட்டில் எழுதிவை. பெயர் எழுதிய கேபிளைக் காயலான் கடைக்காரர் தொடத் தயங்குவார். உறையை எரித்துச் செம்பாக்கிக் கொண்டுபோவார்கள்தான், ஆனால் அதற்கு நேரமும் மறைவான இடமும் வேண்டும், புகையும் காட்டிக்கொடுக்கும். சுற்றுவட்டாரத்து காயலான் கடைகளுக்கு ஒருநாள் நீயே நேரில் போ. போனில் கேபிள் படத்தைக் காட்டி, "அண்ணே, இந்த மாதிரி தடியான கறுப்பு கேபிள் வந்தா ஒரு போன் பண்ணுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வா. இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. பத்து கேமராவைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

எல்லோரும் மறப்பது எர்த்தை. எர்த் குழியில் செம்புத் தகடும் செம்புப் பட்டையும் போட்டால் அதுவும் திருடுபோகும். அது போனது வெளியே தெரியாது. எர்த் சரியில்லாவிட்டால் நல்ல மிஷின்கள் பிழை காட்டி நின்றுவிடும். சுவரில் மாட்டுகிற சாதாரண பிளக் பாயின்ட் நிற்காது, கரண்டைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். மழைநாளில் அதைத் தொடுகிறவர் கதி என்ன? ஜிஐ எர்த் போடு, குழிக்கு காங்கிரீட் மூடி போடு, மேலே தெரிகிற பட்டையைக் குழாய்க்குள் விட்டுச் சுவரோடு சிமென்ட் பூசிவிடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் அளவு பார்க்கச் சொல். மிஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் ஃபீடர் பெட்டிக்கு நல்ல பூட்டும், கீல் உள்பக்கமாக இருக்கிற கதவும் போடு. இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்கூட்டர்காரர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் சார்ஜரைப் பிளக்கில் செருகிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். திரும்பி வந்தால் சார்ஜர் இருக்காது, பழி உன் மேல் வரும். பிளக்குக்கு மேலே பூட்டு போடுகிற சின்ன இரும்புப் பெட்டி அடித்துவிடு. ஒயர் மட்டும் வெளியே வந்தால் போதும்.

கேமராவும் அலாரமும்

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்பாதே என்கிறேன். ஒன்று மிஷினைப் பார்க்கட்டும், இன்னொன்று உள்ளே நுழைகிற வண்டியின் நம்பர் பிளேட் உயரத்தில் இருக்கட்டும். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வருகிறவனும் வண்டியில்தான் வருவான். பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே வைக்காமல் பூட்டிய அறையில் வை. கரண்ட் போனாலும் ஓடும்படி யூபிஎஸ் கொடு. ஒரு மாதப் பதிவாவது அழியாமல் இருக்கட்டும்.

கேமராவைவிட எனக்குப் பிடித்தது மிஷினே கொடுக்கிற தகவல். இப்போது வருகிற மிஷின்கள் இணையத்தோடு பேசிக்கொண்டே இருக்கின்றன. பல மிஷின்களில் கன்னுக்குள் வெப்பம் பார்க்கும் சென்சார் உண்டு, கேபிள் அறுபட்டால் அந்த நொடியே பிழை பதிவாகும். கதவைத் திறந்தால் சொல்கிற சுவிட்ச்சும் கேட்டால் போட்டுத் தருவார்கள். அந்தத் தகவல் எங்கே போகிறது என்று கேட்டு உறுதிசெய். சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டரில் காலையில் யாரோ பார்ப்பதால் உனக்கு என்ன லாபம்? உன் போனிலும் ராத்திரி வேலையில் இருக்கிற ஆளின் போனிலும் சத்தமாக அடிக்கவேண்டும்.

அந்த ராத்திரி ஆளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல். கட்டரும் கம்பியும் வைத்திருக்கிறவனிடம் மல்லுக்கு நிற்கக் கூடாது. விளக்கை எல்லாம் போடட்டும், சத்தம் போடட்டும், 112-க்கு அடிக்கட்டும், வண்டி நம்பரைப் பார்க்கட்டும். கேபிள் போனால் வாங்கிக்கொள்ளலாம். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விளையாட்டாகச் செய்கிற சேதம்

திருட்டைவிட அடிக்கடி வருவது இது. சிவப்பு அவசர பட்டனைப் பையன்கள் விளையாட்டாக அழுத்திவிட்டுப் போவார்கள், ரீசெட் பண்ணும்வரை மிஷின் செத்துக் கிடக்கும். தூக்கித் திறக்கிற கண்ணாடி மூடி போடு. பூட்டாதே, கழற்றாதே, ஆபத்தில் உயிர் காப்பது அந்த பட்டன்தான். ரிவர்ஸ் எடுக்கிற லாரியும் டெம்போவும் மோதாமல் இருக்க, இரும்புக் குழாயில் சிமென்ட் நிரப்பி மிஷினுக்கு முன்னால் நட்டுவை. நம் ஊரில் நிற்கிற எதன்மேலும் போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய அன்றே கிழித்துத் துடைத்துவிடு. ஒன்று தங்கினால் பத்து வரும், காற்றுப்போகும் ஓட்டையை அடைத்துவிட்டால் மிஷின் சூடேறும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு, கேட்டால் சொல்லு.

காசு வாங்குகிற க்யூஆர் ஸ்டிக்கரைத் தினமும் காலையில் விரலால் தடவிப் பார். மேலே வேறொன்றை ஒட்டிவிட்டால் பணம் வேறு கணக்குக்குப் போகும். உள்பக்கமாகக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது நல்லது. யாராவது ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அடிக்கச் சொல்.

அறுத்துவிட்டார்கள் என்றால்

அறுந்த முனையை யாரும் தொடக் கூடாது. கன்னில் கரண்ட் இல்லாமல் இருக்கலாம், மிஷினுக்குள் 415 வோல்ட் இருக்கிறது. பேனலில் மெயினை இறக்கு, பூட்டு, பிறகு போட்டோ எடு. போலீஸில் புகார் கொடுக்கும்போது மிஷின் சீரியல் நம்பர், கேபிள் பில், வீடியோ மூன்றையும் கொண்டுபோ. திருட்டுப் பிரிவோடு, 2003 மின்சாரச் சட்டத்தின் 136-வது பிரிவையும் சேர்க்க முடியுமா என்று கேள். மின் கம்பி, மின் பொருள் திருட்டுக்கென்றே உள்ள பிரிவு அது, மூன்று வருஷம் வரை சிறை உண்டு. திருட்டுப் பொருளை வாங்குகிறவருக்கு 137. புகார் வாங்கியதற்குக் கொடுக்கும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பிவிடாதே, இன்ஷூரன்ஸுக்கு எஃப்ஐஆர் வேண்டும்.

இன்ஷூரன்ஸ் என்றதும் இதைச் சொல்லவேண்டும். சின்னத் தொழிலுக்கு 2021-லிருந்து வருகிற பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் தீ, கலவரம், வேண்டுமென்றே செய்யும் சேதம் எல்லாம் வரும். திருட்டு என்பது அந்த மாதிரி சம்பவத்தைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் நடந்தால்தான் வரும். வெறும் கேபிள் திருட்டுக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பர்க்லரி பாலிசி என்று கொடுத்தால், பூட்டை உடைத்து உள்ளே வந்தால்தான் பணமா, திறந்தவெளியில் நிற்கிற மிஷினின் கேபிளுக்கும் உண்டா என்று எழுத்தில் கேள். ஏஜென்ட் வாயால் சொல்வதை வைத்துக் கையெழுத்துப் போடாதே. பாலிசி நகல் வந்ததும் எனக்கு அனுப்பு, மாமாவும் நானும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறோம்.